சிமுலேஷனில் 9 டெசிபெல், மேசையில் 17: மிக்ஸரில் எங்கே ஓட்டை?

கேள்வி: 60 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை 2 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்க, 29 கிகாஹெர்ட்ஸ் எல்.ஓ. (மிக்ஸரை ஓட்டும் உள்ளூர் அலையியற்றி) வைத்து ஒரு சப்ஹார்மோனிக் மிக்ஸர், அதாவது எல்.ஓ.வின் இரட்டிப்பு அதிர்வெண்ணோடு சிக்னலைக் கலக்கும் சுற்று, செய்தேன். எதிரெதிராகத் திருப்பி இணையாக வைத்த இரண்டு காலியம் ஆர்சனைடு ஷாட்கி டையோடுகள். மாற்ற இழப்பு (அதிர்வெண்ணை இறக்கும்போது சிக்னல் இழக்கும் திறன்) சிமுலேஷனில் 9 டெசிபெல், அளந்தால் 17. டையோடை மாற்றிப் பார்க்கவா?

பதில்: டையோடை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் எல்.ஓ. திறனை ஒவ்வொரு டெசிபெல்லாக ஏற்றி, இழப்பைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இந்தச் சுற்றில் நேர்மின் பயாஸ் (டையோடுக்கு வெளியிலிருந்து தரும் நிலையான மின்னழுத்தம்) கிடையாது. டையோடைத் திறக்கத் தேவையான சுமார் 0.7 வோல்ட்டை எல்.ஓ.தான் கொடுத்தாக வேண்டும். ஒரு சுழற்சியில் இரு டையோடுகளும் முறைவைத்து ஒவ்வொரு முறை திறக்கின்றன. 29 உள்ளே போனாலும் மிக்ஸர் 58-ல் வேலை செய்வது அதனால்தான். திறன் ஏற ஏற இழப்பு குறைந்து, ஓரிடத்தில் சமமாகி, அப்புறம் திரும்ப ஏறும். அளவுக்கு மீறி ஓட்டினால் டையோடுகள் சுழற்சியின் பெரும்பகுதி திறந்தே கிடக்கும் அல்லவா! கடைசி வரை இழப்பு குறைந்துகொண்டே இருந்தால், எல்.ஓ. டையோடுக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. 17-லேயே சமமாகிவிட்டால், சிக்னல் வழியில் எங்கோ கசிகிறது.

இரண்டு நிலையிலும் என் சந்தேகம் ஸ்டப்கள் மீதுதான், அதாவது வழியிலிருந்து கிளையாகப் பிரியும் குட்டைத் தடங்கள் மீது. எல்.ஓ. பக்கம் தரையோடு சேர்ந்த ஸ்டப், ஆர்.எஃப். (உள்ளே வரும் 60 கிகாஹெர்ட்ஸ் சிக்னல்) பக்கம் நுனி திறந்த ஸ்டப். இரண்டும் 29-ல் கால் அலைநீளம். அதே நீளம் 60 அருகே அரை அலைநீளமாகிவிடுவதால், முதலாவது எல்.ஓ.வை விட்டுவிட்டு ஆர்.எஃப்.பைத் தரைக்கு இழுக்கிறது, இரண்டாவது இதையே தலைகீழாகச் செய்கிறது. அழகான ஏற்பாடு. ஆனால் ஐ.எஃப். (இறக்கிய பின் வெளிவரும் அதிர்வெண்) சிறிதாக இருக்கும்வரைதான் செல்லும். உங்கள் 2 கிகாஹெர்ட்ஸுக்குப் பிரச்சினையில்லை.

0.127 மி.மீ. தடிமனும் 2.2 மின்காப்பு மாறிலியும் உள்ள பலகை என்றால் அந்த நீளம் ஏறக்குறைய 1.9 மி.மீ. அதில் 0.1 மி.மீ. பிசகினால் 5 சதவீதம், அதாவது ஆர்.எஃப்.பில் 3 கிகாஹெர்ட்ஸ் நகர்வு. திறந்த நுனியில் மின்புலம் வெளியே பிதுங்குவதாலேயே அதில் பாதி போய்விடும். தரைக்கு இறங்கும் வயாவின் (பலகையைத் துளைத்துச் செல்லும் உலோக இணைப்பு) தூண்டமும் மற்ற ஸ்டப்பை நீட்டுகிறது. ஆகவே வரைபடத்தை நம்பாமல், நுண்ணோக்கியில் வைத்து அளந்துவிடுங்கள்.

அடுத்து டையோடின் கால்கள். அவற்றின் தூண்டம் வெறும் 0.1 நானோஹென்றி என்றால் கூட 60-ல் கிட்டத்தட்ட 38 ஓம். தயாரிப்பாளர் தரும் சிமுலேஷன் மாதிரியில் கால்கள் இல்லாமல் டையோடின் உள்சந்திப்பு மட்டும் இருந்தால், உங்கள் 9 டெசிபெல் வெறும் ஆசைக் கணக்கு. கால்களையும் ஒட்டும் திட்டுகளையும் மின்காந்த சிமுலேஷனில் சேர்த்து, அளந்த நீளங்களோடு மறுபடி ஓட்டுங்கள்.

அப்படியும் சிமுலேஷனில் 17 வராவிட்டால், கப்ளர் (இரு சிக்னல்களை ஒரே வழியில் சேர்க்கும் கருவி) வழியாக எல்.ஓ. வாயிலில் 31 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்றை மெலிதாகக் கலந்து பாருங்கள். சமமான ஜோடி அதை 29-உடன் கலந்து வரும் 2 கிகாஹெர்ட்ஸைத் தன் வளையத்துக்குள்ளேயே சுற்றவிட்டு அடக்கிவிடும். ஐ.எஃப்.பில் அது பலமாகத் தெரிந்தால் இரு டையோடுகளும் ஒத்துப்போகவில்லை. அப்போது தாராளமாக மாற்றுங்கள், ஒரே சில்லில் அமைந்த ஜோடியாகப் பார்த்து.