குறைமாதக் குழந்தையின் கண்: பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகள் 31ஆவது வாரத்தில் 1,400 கிராம் எடையுடன் பிறந்தாள். மூச்சுத் திணறலுக்காகப் பல நாட்கள் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒருமுறை ரத்தமும் ஏற்றினார்கள். இப்போது நன்றாகப் பால் குடிக்கிறாள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பது நாள் முடிவதற்குள் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது. தீட்டு கழியும் முன் பச்சைக் குழந்தையை வெளியே தூக்கிப்போகக் கூடாது என்கிறார் என் மாமியார். கண்ணும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆக்சிஜன் வைத்ததால் கண் பாதிக்கும் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: குறித்த நாளுக்குள் கட்டாயம் காட்டிவிடுங்கள். வெளியே கொண்டுபோனால் குழந்தைக்கு ஏதாவது தொற்றிக்கொள்ளுமோ என்ற உங்கள் மாமியாரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது; அதற்காகக் குழந்தையை நன்றாகப் போர்த்தி, நெரிசலில்லாத காலை நேரத்தில் ஆட்டோவில் அழைத்துச் செல்லலாமே தவிர, பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கண் பளிச்சென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும், ஆர்.ஓ.பி. என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இந்த நோய் விழியின் பின்புறத்தில் உள்ள விழித்திரையில் வருவது. கருவிழியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று பெற்றோர் கவனிக்கும்போது, பெரும்பாலும் விழித்திரை பிரிந்து பார்வை போயிருக்கும்.

கருவில் ஏறத்தாழ 16ஆவது வாரத்தில் விழித்திரையின் நடுவிலிருந்து புறப்படும் ரத்த நாளங்கள், மூக்குப் பக்க ஓரத்தை 36ஆவது வார அளவிலும், காதுப் பக்க ஓரத்தை 40ஆவது வார அளவிலும்தான் சென்றடைகின்றன. உங்கள் மகள் பிறந்தபோது அந்த வளர்ச்சி பாதி வழியில் இருந்தது. கருப்பையில் இருந்ததைவிட வெளியில் ஆக்சிஜன் அதிகம் என்பதால் நாளங்கள் வளராமல் நின்றுவிடுகின்றன. சில வாரங்களில் விழித்திரை வளர்ந்து, நாளமில்லாத பகுதி ஆக்சிஜனுக்குத் தவிக்கத் தொடங்கியதும், அவசரமும் ஒழுங்கின்மையுமாகப் புதிய நாளங்கள் கிளம்புகின்றன. பின்னர் அவையே தழும்பாகி விழித்திரையை இழுக்கின்றன. இந்த இரண்டாம் கட்டம் பிறந்து சில வாரங்கள் கழித்தே வருவதால்தான், பிறந்த அன்றே பார்க்காமல் நான்காவது வாரத்தில் பார்க்கச் சொல்கிறார்கள். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளை இரண்டு அல்லது மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

ஆக்சிஜனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன். 1942இல் பாஸ்டனில் தியோடர் டெரி இந்த நோயை விவரித்தார். 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பெல், கட்டுப்பாடின்றிக் கொடுக்கப்பட்ட ஆக்சிஜனோடு அதைத் தொடர்புபடுத்தினார். அதன்பின் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள்; நோய் குறைந்தது, ஆனால் மூச்சின்றி இறந்த குழந்தைகளும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளும் பெருகினார்கள். ஆக்சிஜன் இல்லாமல் உங்கள் மகள் பிழைத்திருக்க மாட்டாள். எவ்வளவு கொடுத்தார்கள், எப்படிக் கண்காணித்தார்கள் என்பதே கேள்வி. குழந்தையின் பாதத்தில் சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு பட்டை சுற்றியிருந்திருக்குமே, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும் எண் பொதுவாக 90க்கும் 95க்கும் இடையில் இருக்க வேண்டும். எண் இறங்கினால் எல்லோரும் ஓடிவருவார்கள்; 100ஐத் தொட்டு நிற்பதும், ஏறி ஏறி இறங்குவதும் அதே கவனத்துக்கு உரியவை.

எத்தனை வாரத்தில், எவ்வளவு எடையில் பிறந்தது என்பவையே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்துக் காரணிகள். அவற்றோடு ரத்தத்தில் கிருமித் தொற்று, வெண்டிலேட்டரில் நீண்ட நாட்கள் இருப்பது, மூச்சு அடிக்கடி நின்றுபோவது, ரத்தம் ஏற்றுவது, முதல் வாரங்களில் எடை சரியாக ஏறாதது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. எடை விஷயத்தில் உங்களால் செய்யக்கூடியது உண்டு: தாய்ப்பால் கொடுங்கள், மார்போடு அணைத்து வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் பேரன் 35ஆவது வாரத்தில் 2,150 கிராம் எடையுடன் பிறந்தான். கிருமித் தொற்றுக்காகப் பத்து நாள் இன்குபேட்டரில் ஆக்சிஜனோடு இருந்தான். கண் பரிசோதனை பற்றி யாரும் சொல்லவில்லை. இவனுக்கும் தேவையா?
- ஒரு தாத்தா, வியாசர்பாடி

பதில்: தேவை. அமெரிக்காவில் பொதுவாக 30 வாரம் அல்லது 1,500 கிராம் வரையுள்ள குழந்தைகளைப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதால், 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த அனைவரையும் பார்க்க வேண்டும். 34 முதல் 36 வாரம் வரை பிறந்தவர்களில் தொற்று, ஆக்சிஜன் போன்ற காரணங்கள் உள்ளவர்களையும் பார்க்க வேண்டும். பேரன் இதில் அடங்குகிறான். டிஸ்சார்ஜ் சீட்டோடு குழந்தையை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சொல்லாமல் விடுவது சிறிய தவறல்ல. 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தைக்கு இப்பரிசோதனை செய்யப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. அந்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

கேள்வி: பரிசோதனையில் குழந்தைக்கு வலிக்குமா? ஒருமுறை பார்த்தால் போதுமா?
- வாசகி, காசிமேடு

பதில்: சிறிது நேரம் அழும். கண்மணி விரிய இடைவெளிவிட்டுச் சில முறை சொட்டு மருந்து விடுவார்கள். துணியில் சுற்றி, இமைகளை ஒரு சிறு கம்பிக் கருவியால் விலக்கி, தலையில் மாட்டிய விளக்கோடு மருத்துவர் பார்ப்பார். வாந்தி எடுக்காமலிருக்க, ஒரு மணி நேரம் முன்னதாகவே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். இமை சிவந்திருந்தால் தானே சரியாகிவிடும்.

ஒருமுறை போதாது. நாளங்கள் ஓரம்வரை வளர்ந்து முடியும்வரை, கண்ணின் நிலையைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். தொடக்க நிலையில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். முற்றினால், லேசர் சிகிச்சையையோ கண்ணுக்குள் போடும் ஊசியையோ இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தாக வேண்டும். "அடுத்த வாரம் வருகிறோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். ஊசி போட்ட கண்ணில் நோய் மாதங்கள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால், அந்தக் குழந்தைகளை இன்னும் நீண்ட காலம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.