பார்மசி முதலாம் ஆண்டு 'பார்மசி பிராக்டிஸ்' பாடத்தில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுப்பதற்குத் தனிப் பாடமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக் கொடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்துச் சந்தேகப்படப் பழக்குவார்கள்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு முறைதான். சீட்டில் 'தினமும்' என்று இருந்தால், அப்படியே கொடுக்கக் கூடாது. எழுதிய மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம்.

அப்புறம் கணக்கு. பெரிய கணக்கெல்லாம் இல்லை, ஆனால் தப்பவே கூடாத கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் என்றால், ஒரு வேளைக்கு 180 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருந்தால் 7.5 மி.லி. கொடுக்கலாம். அந்தப் புள்ளி லேபிளில் மங்கிப்போனால் 75 ஆகிவிடும்! 5.0 என்று எழுதாதே, 5 என்று எழுது என ஆசிரியர்கள் நச்சரிப்பதும் இதனால்தான்.

சட்டம், பதிவேடு, மருந்தைச் சேமிக்கும் வெப்பநிலை எல்லாம் உண்டு, படித்தால் வந்துவிடும்.

என்னைக் கேட்டால், நோயாளியிடம் பேசக் கற்பதுதான் கஷ்டம். வகுப்பில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். "வீட்டுக்குப் போய் இன்ஹேலரை எப்படி எடுப்பீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். மூடியைக் கழற்றாமலே அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.