நெறியாளருக்கு எப்போது எழுதுவது?

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் முன் ஆய்வு நெறியாளரைத் தொடர்புகொள்வது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நான் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களைப் பார்த்து வருகிறேன். விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியருக்கு எழுதியாக வேண்டும் என்கிறார்கள் சிலர். எழுதினால் சிபாரிசு தேடுவதாக நினைத்துவிடுவார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எழுதுவதானால், கடைசி நாளுக்கு எத்தனை மாதம் முன்பு எழுத வேண்டும்?

பதில்: இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர்கள் வெவ்வேறு சேர்க்கை முறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மாதக் கணக்குக்குப் போகும் முன், உங்களைச் சேர்த்துக்கொள்ளும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது சேர்க்கைக் குழுவின் கையிலா, தனியொரு பேராசிரியரின் கையிலா, உதவித்தொகை தரும் அமைப்பின் கையிலா என்பது தெளிவாகிவிட்டால், எப்போது எழுதுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் துறையின் சேர்க்கைக் குழுவே விண்ணப்பங்களைப் படித்து முடிவெடுக்கிறது. அங்கே உயிரியல் சார்ந்த பல துறைகளில், மாணவர் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்த்த பிறகே நெறியாளரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதால், முன்கூட்டி எழுதும் கடிதத்தால் ஆகப்போவது அதிகமில்லை. பேராசிரியர்களுக்கு எழுத வேண்டியதில்லை என்று தங்கள் இணையப் பக்கத்திலேயே போட்டுவிடும் துறைகளும் உண்டு. அதே நாட்டில் மருத்துவ உளவியலுக்கு விண்ணப்பித்தால் நிலைமை வேறு. பல துறைகள் அங்கே மாணவரை ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின் கீழேயே சேர்த்துக்கொள்கின்றன. அவர் அந்த ஆண்டு புதிதாக யாரையும் எடுக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல விண்ணப்பமும் வீண்தான். பொறியியலிலும் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்தே பல மாணவர்களுக்கு ஊதியம் போகிறது. எனவே முடிவெடுப்பது குழுவாகவே இருந்தாலும் அவர் சொல்லுக்கு எடை உண்டு. அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி தொடக்கத்துக்கும் இடையில் வருகிறது. ஆகவே செப்டம்பரிலோ அக்டோபர் முற்பாதியிலோ எழுதுவது பொருத்தமாக இருக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் எழுதுபவருக்குப் பதில் வருவதற்குள் கடைசி நாள் கடந்திருக்கும்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முன்தொடர்பு என்பது ஏறக்குறைய விண்ணப்பத்தின் ஒரு பகுதியே. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவும், நெறியாளர் ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகே முறையான விண்ணப்பத்தை அனுப்பச் சொல்கின்றன. இத்தகைய இடங்களில் ஆய்வு முன்மொழிவை அவரோடு பேசித் திருத்த வேண்டியிருக்கும். நீங்கள் அனுப்பி, அவர் படித்து, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்ப மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டாலே, இரண்டு சுற்றுக்கு ஒன்றரை மாதம் போய்விடும். நான்கு முதல் ஆறு மாத அவகாசம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஜெர்மனியில் வகுப்புகளும் கால வரையறையும் கொண்ட கட்டமைப்புள்ள ஆய்வுத் திட்டங்களில் சேராமல் தனியாக முனைவர் பட்டம் செய்பவருக்குப் பெரும்பாலும் கடைசி நாள் என்ற ஒன்றே கிடையாது. பேராசிரியர் ஒருவர் நெறிப்படுத்த எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் முதல் படி. நெதர்லாந்திலும் ஸ்வீடன், டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளிலும் ஆய்வு மாணவர் இடங்கள் பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலைகளாகவே விளம்பரம் ஆகின்றன. விளம்பரம் வந்துவிட்டால் அதில் குறிப்பிட்டுள்ள தொடர்பாளரிடம் ஐயம் இருந்தால் மட்டும் கேளுங்கள். ஐயம் இல்லையென்றால் நேரே விண்ணப்பித்துவிடலாம்.

பலருக்குக் கணக்கு பிசகுவது உதவித்தொகையில்தான். துறை விண்ணப்பங்களை மார்ச், ஏப்ரல் வரை வாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அதே துறையில் பணம் தரும் உதவித்தொகைக்கான நாள் டிசம்பரிலோ ஜனவரியிலோ முடிந்திருக்கும். பிரிட்டனில் இது அடிக்கடி நேர்கிறது. சேர்க்கை ஆணை கையில் இருக்கும், கட்டணம் கட்ட வழி இருக்காது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் முனைவர் பட்ட ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதே, ஜெர்மனியில் உள்ள பேராசிரியர் ஒருவர் நெறிப்படுத்த ஒப்புக்கொண்ட கடிதத்தையும் இணைக்க வேண்டும். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிப்பவர், முதற்கட்டத் தேர்வில் தேறிய பின் குறுகிய காலத்துக்குள் பல்கலைக்கழகத்திடமிருந்து தற்காலிக ஏற்புக் கடிதம் பெற்றாக வேண்டும். பேராசிரியரோடு அதற்கு முன்பே பேசி வைத்திராதவர்கள் அந்தச் சில வாரங்களில் திண்டாடிப்போகிறார்கள். ஆகவே பின்னோக்கி எண்ணத் தொடங்க வேண்டியது படிப்பின் கடைசி நாளிலிருந்து அல்ல. படிப்பு, உதவித்தொகை, உதவித்தொகைக்கு யாரை அனுப்புவது என்று துறை தனக்குள் செய்யும் பரிந்துரை ஆகியவற்றில் எதன் கடைசி நாள் முதலில் வருகிறதோ அதிலிருந்து.

மிக முன்னதாக எழுதுவதும் பயன் தராது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் தம்மிடம் நிதி இருக்குமா, இடம் இருக்குமா என்பது பெரும்பாலான பேராசிரியர்களுக்கே தெரியாது. 'அப்போது எழுதுங்கள்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். தமக்கென உதவித்தொகை தேடிக்கொண்டு வருபவர்கள் மட்டும் ஓராண்டு முன்பே எழுதலாம், ஏனென்றால் அவர்களுடைய கால அட்டவணையை வேறோர் அமைப்பு வகுக்கிறது.

காலண்டரைவிட முக்கியமான இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்தப் பேராசிரியரின் கட்டுரைகளில் இரண்டு மூன்றையாவது படித்து, அவரிடம் கேட்க உங்களுக்கென்று ஒரு கேள்வி உருவாகியிருக்க வேண்டும். அது உருவாகாதவரை, செப்டம்பராகவே இருந்தாலும், எழுதும் நேரம் வரவில்லை என்று கொள்ளுங்கள். 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்கள் புகழ்பெற்ற ஆய்வுகளை மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தேன்' என்று தொடங்கும் கடிதத்தை எந்தத் துறையின் எவருக்கும் அனுப்பலாம் என்பது படிப்பவருக்கும் தெரியும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு இப்படிப்பட்ட கடிதங்கள் இலக்கணப் பிழையின்றி வருகின்றன. படிப்பவரின் சலிப்புதான் குறையவில்லை.

மாறாக, மின்னஞ்சலின் பொருள் வரியில் 'அடுத்த ஆண்டுச் சேர்க்கை: ஈரநில மீத்தேன் ஆய்வுக்கு மாணவர் எடுக்கிறீர்களா?' என்று இருக்கட்டும். உள்ளே இப்படித் தொடங்கலாம்: 'உங்கள் குழுவின் அண்மைக் கட்டுரையில் இரவு நேர அளவீடுகள் சேர்க்கப்படவில்லை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். என் முதுநிலை ஆய்வேட்டுக்காக ஓர் ஏரிக்கரையில் இரவும் பகலும் மீத்தேன் அளவெடுத்தேன். இரண்டுக்கும் இடையே கணிசமான வேறுபாடு தெரிந்தது. இதை உங்கள் மாதிரியோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வுக்கு உங்கள் குழுவில் இடமிருக்குமா?' இதற்குப் பின் நீங்கள் யார், எந்தச் சேர்க்கைக்கு, எந்த உதவித்தொகையை எண்ணியிருக்கிறீர்கள் என்று மூன்று நான்கு வரி போதும். தன்விவரக் குறிப்பை இணையுங்கள். கலை, சமூகவியல் துறைகளில் ஒரு பக்க முன்மொழிவையும் சேர்த்து அனுப்பலாம். பத்துப் பக்க முன்மொழிவைக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

சிபாரிசு தேடுவதாக நினைப்பார்களோ என்ற அச்சம் வேண்டாம். இடமிருக்கிறதா, ஆர்வம் பொருந்துகிறதா என்று கேட்பது இரு தரப்புக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும் விசாரணை. 'என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பதுதான் சிபாரிசு. எழுதும் முன் அவருடைய இணையப் பக்கத்தை மட்டும் ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள். இந்த ஆண்டு மாணவர் எடுக்கவில்லை என்றோ, ஓராண்டு ஆய்வு விடுப்பில் இருப்பதாகவோ அங்கேயே எழுதி வைத்திருப்பவரிடம் அதையே கேட்டு எழுதினால், பக்கத்தைப் படிக்காத ஒருவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

கேள்வி: ஆகஸ்டு தொடக்கத்தில் எழுதினேன். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதே அப்படி முடிவு செய்துவிட வேண்டாம். வடகோளத்தின் பல நாடுகளில் ஆகஸ்டு என்பது விடுமுறையும் களப்பணியும் மாநாடுகளுமாகக் கழியும் மாதம். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கி முதல் இரண்டு வாரப் பரபரப்பு அடங்கிய பிறகு, முதல் மின்னஞ்சலுக்கே பதிலாக இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்றாவது கடிதத்தால் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் குழு முடிவெடுக்கும் துறையாக இருந்தால், பதில் வராததை ஒரு காரணமாகக் கொண்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் பழக்கமே இல்லாத நல்ல நெறியாளர்கள் இருக்கிறார்கள். நெறியாளரின் ஒப்புதல் கட்டாயமான இடமாக இருந்தால் மட்டும், அடுத்தவரை நோக்கி நகருங்கள்.

கேள்வி: 'உங்கள் விண்ணப்பத்தை வரவேற்கிறேன், ஆனால் போட்டி கடுமையானது' என்று ஒரு பேராசிரியர் பதில் எழுதியிருக்கிறார். இதை நம்பி மற்ற இடங்களைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: குறைத்துக்கொள்ள வேண்டாம். விசாரித்து எழுதும் பெரும்பாலோருக்கும் போகும் மரியாதையான பதில் இது. இதிலிருந்து உங்களுக்குத் தெரிவது, கதவு மூடப்படவில்லை என்பது மட்டுமே. காணொளி வழியே பேச நாள் கேட்பது, உங்கள் ஆய்வேட்டை அனுப்பச் சொல்வது, முன்மொழிவில் குறிப்பிட்ட திருத்தம் சொல்வது, தம் ஆய்வுக்குழுவில் உள்ள மாணவர் ஒருவரோடு பேசச் சொல்வது ஆகியவைதான் உண்மையான ஆர்வத்தின் அடையாளங்கள். அப்போதும்கூட, குழு முடிவெடுக்கும் இடத்தில் அவருடைய ஆர்வம் உங்களுக்கு ஓர் ஓட்டு, அவ்வளவே. எழுத்தில் நெறிப்படுத்த ஒப்புக்கொள்ளும் ஜெர்மன் முறையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒரே துறையில் இரண்டு பேராசிரியர்களின் ஆய்வுகளும் எனக்குப் பிடித்திருக்கின்றன. இருவருக்கும் ஒரே நேரத்தில் எழுதலாமா?

பதில்: தனித்தனியாக எழுதுங்கள்; ஒரே நாளில் வேண்டாம். பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை இருவருக்கும் அனுப்பினால், அடுத்த அறையில் இருப்பவரிடம் காட்டிச் சிரிப்பதற்கு அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. முதலாமவருக்கு எழுதி மூன்று வாரம் பொறுத்திருந்து, பின் மற்றவருக்கு எழுதலாம். இருவரும் சேர்ந்து ஆய்வு செய்பவர்களாக இருந்தால், இன்னாருக்கும் எழுதியிருக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். கூட்டு நெறியாளர்களாக இருக்க அவர்களே முன்வருவதும் உண்டு.

கேள்வி: அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதி என்றெல்லாம் கேட்க வேண்டும் என்று அண்ணன் சொல்கிறார். முதல் கடிதத்திலேயே கேட்கலாமா?

பதில்: அண்ணன் சொல்லும் கேள்விகள் சரியானவை, முதல் கடிதம்தான் அவற்றுக்கு ஏற்ற இடமல்ல. அப்போது நீங்கள் அவருக்கு முற்றிலும் அறிமுகமில்லாதவர். இடம் உண்டு என்ற உறுதியான அறிவிப்பு வந்த பிறகு நிலைமை தலைகீழாக மாறுகிறது. நீங்கள் வர வேண்டும் என்று அவர்கள் விரும்பும் காலம் அதுவே. அமெரிக்காவில் முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான பட்டதாரிப் பள்ளிகளின் மன்றம் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அதை ஏற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து நிதியுதவியோடு இடம் கிடைத்த மாணவர் ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல அவகாசம் பெறுகிறார். அந்த வாரங்களில் நேரடியாகவே கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நிதி பற்றிய விவரத்தைப் பேராசிரியரிடமும், மற்ற இரண்டையும் அவருடைய இப்போதைய மாணவர்களிடமும், கிடைத்தால் பாதியில் விலகிய ஒருவரிடமும் விசாரியுங்கள். தம் மாணவர்களோடு பேச வேண்டாம் என்று ஒரு நெறியாளர் தடுத்தால், வேறு இடம் கையில் இருக்கும்பட்சத்தில் அந்த வேறு இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.