எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அரை அங்குலம்: போல்ட் போட்டு இழுக்கலாமா?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடம் 1985ஆம் ஆண்டு ஷெவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. 305 கன அங்குல வி8 எஞ்சின், 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 305 தேய்ந்துவிட்டதால், 1990 மாடல் பிக்கப்பிலிருந்து கழற்றிய 350 எஞ்சின் ஒன்றை வாங்கி வீட்டு கராஜிலேயே மாற்றுகிறார். கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் தூக்கியிருக்கிறார். "புது எஞ்சினை இறக்கிப் பின்னால் தள்ளினால், பெல் ஹவுசிங்கை (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதியை) தொடுவதற்கு அரை அங்குலம் இருக்கும்போதே நின்றுவிடுகிறது. சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. ஆறு போல்ட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினால் சேர்ந்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? பழைய ஃப்ளெக்ஸ்பிளேட் (எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் பின்முனையில் மாட்டும் பல் வைத்த தட்டு) புது கிராங்கில் பொருந்தாததால் எஞ்சினோடு வந்ததையே மாட்டியிருக்கிறேன். அது சரிதானா?"

போல்ட் போட்டு இழுக்காதீர்கள். ஏற்கெனவே போட்டு முறுக்கியிருந்தால் இப்போதே தளர்த்திவிடுங்கள். பெல் ஹவுசிங்கும் பிளாக்கும் கையால் தள்ளியே முழுதாகச் சேர வேண்டும். சேர்ந்ததை விலகாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்த போல்ட்டுகள். சேர்த்துவைப்பது அவற்றின் வேலை இல்லை.

சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி என்று நீங்கள் எழுதியது ரொம்பவே உதவுகிறது. மேலே அதிகம், கீழே குறைவு என்றிருந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே சாய்வில் இல்லை என்று பொருள். ஜாக்கை ஏற்றி இறக்கினால் தீரும். ஒரே சீராக அரை அங்குலம் என்றால் அநேகமாக டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் உருளை) கியர்பாக்ஸுக்குள் முழுதாக உட்காரவில்லை. பழைய எஞ்சினை வெளியே இழுத்தபோது அது கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கும். இப்போது ஃப்ளெக்ஸ்பிளேட் போய் அதில் முட்டுகிறது.

கன்வெர்ட்டர் மூன்று இடங்களில் பிடிக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஸ்டேட்டரைத் தாங்கும் குழாயின் ஸ்ப்ளைனில் (நீளவாக்குப் பல்வரிசையில்) ஒன்று, அதற்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனில் ஒன்று. மூன்றாவது, கன்வெர்ட்டர் கழுத்தின் நுனியிலுள்ள வெட்டுகள் எண்ணெய் பம்பின் ரோட்டரோடு கோத்துக்கொள்வது. ஸ்ப்ளைன்கள் இரண்டும் எளிதில் மாட்டிவிடும், மாட்டியதும் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். பெரும்பாலும் விட்டுப்போவது பம்ப்தான். அந்த நிலையில் போல்ட்டை முறுக்கினால் முழு விசையும் கன்வெர்ட்டர் வழியாக பம்பின்மேலும், மறுபக்கம் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்மேலும் இறங்கும். அப்போதே ரோட்டர் உடையலாம், அல்லது சாவியைத் திருப்பும் முதல் நொடியில் உடையும். 700ஆர்4-இல் பெல் ஹவுசிங் தனித் துண்டும் இல்லை, கேஸோடு ஒன்றாக வார்த்த அலுமினியம். அதில் போல்ட் நுழையும் ஒரு காது உடைந்தால் கேஸையே மாற்ற வேண்டியதுதான்.

எனவே எஞ்சினைத் திரும்ப முன்னால் இழுத்துவிடுங்கள். கியர்பாக்ஸின் முன்பக்கத்தை ஜாக்கால் தாங்குங்கள், கூலர் குழாய்களில் எடை தொங்கக் கூடாது. கன்வெர்ட்டரை இரண்டு கையாலும் பிடித்து, அதன் எடையைத் தாங்கியபடியே, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உள்நோக்கித் தள்ளுங்கள். எடையைத் தொங்கவிட்டால் முன் சீல் கிழியும். இன்புட் ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கிறது, ஓடும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் க்ளட்ச் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. இடித்து ஏற்றினால் அதுவும் போகும். பொறுமையாகச் சுழற்றினால் 'டொக்' என்று ஒரு படி உள்ளே போகும், அப்புறம் இன்னொரு படி. பம்பில் கோத்துக்கொள்ளும் கடைசிப் படிதான் உங்களுக்குத் தேவையான அந்த அரை அங்குலத்தைத் தரும். உட்கார்ந்ததும் பெல் ஹவுசிங்கின் குறுக்கே ஒரு பட்டை அல்லது கம்பி கட்டி, கன்வெர்ட்டர் மறுபடி முன்னால் வராமல் நிறுத்துங்கள். எஞ்சின் நெருங்கியதும் அதை எடுக்க மறக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எஞ்சினோடு வந்த ஃப்ளெக்ஸ்பிளேட்டையே போட்டது சரி, அதைத்தான் போடவும் வேண்டும். 1986 மாடலிலிருந்து இந்த வகை ஷெவர்லே வி8-இல் கிராங்கின் பின்முனையில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் மெயின் சீல் ஒரே துண்டாக மாறியது. அதோடு கிராங்க் முனையின் போல்ட் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கியது. அதனால்தான் உங்கள் பழைய தட்டு பொருந்தவில்லை. இதைவிட முக்கியம், புது வகையில் கிராங்கின் சமநிலையில் ஒரு பங்கு தட்டில் பற்றவைத்திருக்கும் எடையில் இருக்கிறது. துளை போட்டுப் பழையதைப் பொருத்தியிருந்தால் எஞ்சின் நடுங்கியே பேரிங்குகளைத் தின்றிருக்கும். தட்டின் விளிம்பிலுள்ள பல்லை மட்டும் எண்ணிப் பாருங்கள், 153 அல்லது 168 இருக்கும். ஸ்டார்ட்டர் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: நேர்க்கோட்டு போல்ட் துளை உள்ள ஸ்டார்ட்டர் 153-க்கு, குறுக்குச் சாய்வாக உள்ளது 168-க்கு.

திரும்பச் சேர்ப்பதற்கு முன் பிளாக்கின் பின்முகத்தைத் தடவிப் பாருங்கள். கியர்பாக்ஸை மையத்தில் நிறுத்தும் இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா? பழைய எஞ்சின்களில் ஒன்று காணாமல் போயிருப்பது சாதாரணம். பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் கியர்பாக்ஸ் மையம் விலகி உட்காரும், சில மாதத்தில் பம்ப் புஷ் தேய்ந்து முன் சீல் ஒழுகும். கிராங்கின் பின்முனையில் கன்வெர்ட்டரின் மூக்கு நுழையும் குழியைத் துரு இல்லாமல் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவுங்கள். எஞ்சினின் பின்னால் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவைத்துவிட்டால், எஞ்சினைச் சாய்க்கும்போது அது ஃபயர்வாலில் (எஞ்சின் அறையின் பின்சுவரில்) மோதி உடையாது.

முகங்கள் இரண்டும் கையால் சேர்ந்தபின் ஆறு போல்ட்டையும் போட்டு, சுமார் 35 பவுண்டு-அடிக்கு முறுக்குங்கள். உடனே கீழே படுத்து, தூசி மூடி இருந்த இடம் வழியாகக் கைவிட்டு கன்வெர்ட்டரைச் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். பின்னால் தள்ளிவைத்தால் அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடம் தெரிய வேண்டும். அந்த இடத்தை மூடும் அளவுக்குக் கன்வெர்ட்டரை முன்னால் இழுத்து மூன்று போல்ட்டால் இணைப்பதுதான் முறை. இடமே இல்லை என்றால் ஏதோ முட்டுகிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். இங்கே பழைய, சரியான நீளமுள்ள போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள். நீளம் கூடினால் கன்வெர்ட்டரின் முன்தகட்டைக் குத்தி உள்ளே பள்ளம் விழச் செய்யும். லாக்கப் க்ளட்ச் அந்தத் தகட்டின் உட்புறத்தில்தான் உராய்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் எஞ்சின் மாற்றியபின் 700ஆர்4 எரிந்துபோவதற்கு முக்கியக் காரணம் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். கார்பரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் இந்த கேபிளைக் கியர் மாறும் நேரத்தைத் திருத்தும் கேபிள் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது உள்ளே எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. தளர்வாக இருந்தால் அழுத்தம் குறைந்து 3-4 க்ளட்ச் வழுக்கி, சில கிலோமீட்டரிலேயே கருகும். எஞ்சின் ஓடாதபோது, கேபிளின் மேல்முனையிலுள்ள பொத்தானை அழுத்தி, நகரும் பகுதியைக் கார்பரேட்டரை விட்டு விலகும் திசையில் கடைசிவரை தள்ளுங்கள். பொத்தானை விட்டுவிட்டு, த்ராட்டில் நெம்பைக் கையால் முழுதாகத் திறங்கள். கேபிள் தானே க்ளிக் க்ளிக்கென்று சரியான இடத்துக்கு வந்து நிற்கும். இதைச் செய்யாமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வேறு கம்பெனி கார்பரேட்டர் போடுவதாக இருந்தால், இந்த கேபிளின் இழுப்பைச் சரிசெய்யும் பிராக்கெட்டும் சேர்த்து வாங்குங்கள். பழைய இன்டேக் மேனிஃபோல்டை (கார்பரேட்டர் உட்காரும் பகுதியை) 350-க்கு மாற்றும் எண்ணமிருந்தால் இன்னொன்று: 1987 முதல் ஹெட்களில் நடு போல்ட்டுகளின் சாய்வு வேறு, பழைய மேனிஃபோல்ட் அப்படியே உட்காராது.

கியர்பாக்ஸ் பக்கத்திலுள்ள லாக்கப் க்ளட்சின் மின்சொருகியை மாட்டுங்கள். கூலர் குழாய்களை அலசி, மடிப்பு விழாமல் இணையுங்கள்.

கடைசியாக எண்ணெய். டெக்ஸ்ரான் 6 போதும், டெக்ஸ்ரான் 3 கேட்ட கியர்பாக்ஸுக்கும் அது பொருந்தும். முழுக்கக் காலியான 700ஆர்4 சுமார் 11 குவார்ட் கொள்ளும். உங்களுடையதில் கன்வெர்ட்டரிலும் குழாயிலும் இருந்தது ஓரளவு வெளியேறியிருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 குவார்ட் ஊற்றுங்கள். ஓட ஆரம்பித்ததும் கன்வெர்ட்டர் அதைக் குடிக்கும், ஐடிலிலேயே விட்டு உடனே தொடர்ந்து ஊற்றுங்கள், ரேஸ் கொடுக்காதீர்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டு எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு, பார்க்கில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே அளவுக்கோலைப் பாருங்கள். சூடானபின் மறுபடி பாருங்கள். முன்பக்கமிருந்து இரைச்சலாக ஒரு விசில் கேட்டாலோ, ரிவர்ஸ் போட்டு இரண்டு மூன்று விநாடி ஆகியும் பிடிக்காவிட்டாலோ, உடனே அணைத்துவிட்டு எண்ணெய் அளவையும் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருப்பதையும் மீண்டும் சரிபாருங்கள்.