இரண்டு பேராறுகள் சேரும் இடத்தில் இருந்தும் அமெரிக்காவின் கேரோ நகரம் ஏன் தேய்ந்துபோனது?

இல்லினாய் மாநிலத்தின் தென்கோடி முனையில் இருக்கிறது கேரோ. எகிப்தின் கெய்ரோ பெயர்தான், உச்சரிப்பு மட்டும் வேறு. ஒஹையோ ஆறு மிசிசிப்பியோடு கலப்பது இங்கேதான். முனையில் நின்றால், இரு நிறத் தண்ணீர் சற்றுத் தூரம் ஒட்டாமல் பக்கம்பக்கமாக ஓடுவதைப் பார்க்கலாம்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்கு மாநிலங்களின் படைத்தளபதி ஜெனரல் கிராண்ட் முகாமிட்டது இங்கேதான். 1920இல் மக்கள்தொகை 15,000ஐத் தாண்டியது. 2020 கணக்கெடுப்பில் 1,733 பேர்தான்.

வெள்ளம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. ஊரைச் சுற்றி வெள்ளத்தைத் தடுக்கும் கரை இருக்கிறது. வடக்கே, ரயில் பாதைக்கு அடியில் நுழையும் சாலையை மூடவே ஒரு ராட்சத இரும்புக் கதவு தொங்குகிறது. 1937 பெருவெள்ளத்திலும் ஊர் தப்பியது.

படகுத்துறையை நம்பிய பிழைப்பை 1889இல் வந்த ரயில் பாலம் குறைத்தது. அப்புறம் விரைவுச்சாலையும் ஊரைத் தொடாமல் போனது. ஆனால் என் பார்வையில் பெரிய அடி இனவெறிதான். 1909இல் ஒரு கறுப்பினத்தவரை வெறிக்கும்பல் ஆயிரக்கணக்கானோர் பார்க்கக் கொன்றது. 1967இல் ஒரு கறுப்பின ராணுவ வீரர் காவலில் இறந்ததும் ஊர் கொந்தளித்தது. 1969இல், கறுப்பினத்தவருக்கு வேலை தராத கடைகளை அவர்கள் புறக்கணித்தார்கள். பல கடைக்காரர்கள், வேலை கொடுப்பதைவிட மூடுவதே மேல் என்று கடையைச் சாத்திவிட்டார்கள். ஊரின் கடைத்தெருவான கமர்சியல் அவென்யூ இன்றும் வெறிச்சோடித்தான் கிடக்கிறது.