டாக்டரிடம் கேளுங்கள்: மீன் எண்ணெய் மாத்திரையும் ஞாபக மறதியும்

பதில் சொல்பவர்: தர்மபுரியில் பொது மருத்துவம் பார்க்கும் டாக்டர்

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். சீட்டுப் பணத்தை நாங்கள் கையில் கொடுத்தும், வாங்கவே இல்லை என்கிறார். பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஓசூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார் மீன் எண்ணெய் மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்திருக்கிறார். கொடுத்தால் ஞாபகம் திரும்புமா?
(வாசகி, பாலக்கோடு)

பதில்: திரும்பாது அம்மா. கொழுந்தனாரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. டப்பாவின் மேல் மூளைப் படம் போட்டிருந்தால் யார்தான் வாங்க மாட்டார்கள்?

அந்த நம்பிக்கைக்கு ஒரு அடிப்படை உண்டு. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்புகளில் டிஎச்ஏ என்பது மூளை செல்களின் சவ்விலும் நிறைய இருக்கிறது. மீன் அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்கு வயதான காலத்தில் மறதி நோய் சற்றுக் குறைவு என்றும் சில கணக்கெடுப்புகள் காட்டின. ஆனால் மீன் வாங்கிச் சாப்பிட வசதி இருப்பவருக்கு நல்ல படிப்பும் நேரத்துக்கு வைத்தியமும் கிடைத்திருக்கலாம். மறதி நோய் குறைந்தது மீனாலா, வசதியாலா என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் ஒரு பாதிப் பேருக்கு எண்ணெயும், மறு பாதிக்கு ஒன்றுமில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் கண் நோய்க்காக நடந்த ஒரு பெரிய ஆய்வில், 70 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம், 5 வருஷம் ஒமேகா 3 கொடுத்து ஞாபகத்தையும் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. பிரான்சில் 70 வயதுக்கு மேற்பட்ட 1,680 பேரை வைத்து 3 வருஷம் பார்த்ததிலும் அதே கதைதான். அல்சைமர் என்ற மறதி நோய் வந்துவிட்டவர்களுக்குத் தினமும் 2 கிராம் டிஎச்ஏ கொடுத்துப் பார்த்த 2010ஆம் வருஷ ஆய்விலும் நோயின் வேகம் குறையவில்லை.

மாத்திரையை விடுங்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்துவது அந்தச் சர்க்கரை மாத்திரை. அது மெட்ஃபார்மின் என்றால், வருஷக்கணக்கில் சாப்பிடும்போது உடம்பில் பி12 என்ற வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தால் மறதி வரும், கால் மதமதக்கும், நடை தடுமாறும். நம் பக்கத்துக் களி, கீரை, புளிக்குழம்பு எதிலும் பி12 கிடையாது. பால், மோர், முட்டை, கறி, மீன் இவற்றில்தான் உண்டு. வயதானவர்கள் “செரிக்கவில்லை” என்று முதலில் நிறுத்துவதும் இவற்றைத்தானே. குறை இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம்.

தைராய்டையும் பாருங்கள். சர்க்கரை அடிக்கடி இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கும் நேரத்தில் ஆள் குழம்பிப் போவார், அதையும் வீட்டில் மறதி என்றே சொல்வார்கள். காது மந்தமா? காதில் விழாததை எப்படி ஞாபகம் வைத்திருப்பது! தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, இவையும் வயதானவர்களின் புத்தியை மந்தப்படுத்தும். அதனால் அவர் சாப்பிடுகிற அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், மருந்துச் சீட்டு மட்டும் போதாது. அந்த மீன் எண்ணெய் டப்பாவும் பையில் இருக்கட்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது எதையாவது சாப்பிடுகிறார் என்றால் டாக்டரைக் கேட்காமல் திறக்கவே வேண்டாம். மீன் எண்ணெயின் அளவு கூடினால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதும் உண்டு.

கேள்வி: மகன் பிளஸ் டூ. விடுதியில் தங்கிப் படிக்கிறான். கூடப் படிக்கும் பையன்கள் எல்லாம் இந்த மாத்திரை சாப்பிடுகிறார்களாம். வாங்கிக் கொடுக்கலாமா?
(வாசகர், ஊத்தங்கரை)

பதில்: வேண்டாம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், வாசிப்பில் பின்தங்கிய 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு டிஎச்ஏ கொடுத்தார்கள். 2012இல், மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதையே திரும்பச் செய்து பார்த்தபோது, 2018இல், அந்தப் பலனைக் காணோம். விளம்பரக்காரர்களுக்கு 2012 மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. விடுதியில் பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான், எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். மாத்திரைக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் மீனையே சாப்பிடலாம் என்கிறார்கள். கிருஷ்ணகிரி டேம் மீன் வறுவல் வாரம் தவறாமல் சாப்பிடுகிறேன். போதுமா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: ருசிக்குப் போதும்! டேமிலும் ஒகேனக்கல்லிலும் கிடைக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் நல்ல புரதம். ஒமேகா 3 கொஞ்சம்தான். அதிகம் இருப்பது கடல் மீனில், அதுவும் விலை மலிவான மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும். 100 கிராம் மத்தியில் சுமார் 1 கிராம் இருக்கும். “1000 மில்லிகிராம்” என்று கொட்டை எழுத்தில் போட்ட சாதாரண மாத்திரையில் ஒமேகா 3 பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான், பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள். ஐஸ் பெட்டியில் மத்தி வரும் நாளில் வாங்கிக் குழம்பு வையுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களைக் கவனித்த ஆய்வுகளில் நல்ல பெயர் வேகவைத்த மீனுக்குத்தான் கிடைத்தது. எண்ணெயில் முக்கிப் பொரித்ததற்கு இல்லை.

கேள்வி: நாங்கள் சைவம். உச்செள்ளு எண்ணெயில் ஒமேகா 3 உண்டா?
(வாசகி, தேன்கனிக்கோட்டை)

பதில்: உச்செள்ளில் இருப்பது பெரும்பாலும் ஒமேகா 6 என்ற வேறு வகைக் கொழுப்பு. ஆளி விதையிலும் வால்நட்டிலும் ஒமேகா 3 உண்டு, ஆனால் உடம்பு அதில் ஒரு சிறு பங்கைத்தான் டிஎச்ஏவாக மாற்றும். மீனுக்கே டிஎச்ஏ கடல் பாசியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாசி எண்ணெய் மாத்திரையும் விற்கிறார்கள். விலை அதிகம். ஞாபகத்துக்காக என்றால் அதுவும் வேண்டாம்.

கேள்வி: டாக்டர் டிரைகிளிசரைடு என்ற கொழுப்புக்காக எனக்கு மீன் எண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டால் மீன் ஏப்பமாக வருகிறது. நிறுத்தலாமா?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: அந்தக் கொழுப்பைக் குறைக்க இது வேலை செய்யும், நீங்களாக நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுங்கள். ஒரு மாத்திரையைக் கத்தரித்து முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை என்றால் சரி. சிக்கெடுத்த எண்ணெய் நாற்றம் அடித்தால் டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.