வகுப்பறையில் காடை முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பது நல்ல யோசனையா?

நல்ல யோசனைதான். ஆனால் கேள்விக்குக் கீழே "18 நாளில் முடிந்துவிடுகிற வேலைதானே" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முடியாது. பத்தொன்பதாம் நாள் காலையில்தான் வேலையே தொடங்கும்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன ஆசிரியராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முட்டை விரிசல் விடுவதையும் பிள்ளைகள் கைதட்டுவதையும் ஏதாவது வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்பு, 24 முட்டைகள், கடன் வாங்கிய ஓர் இன்குபேட்டர் (முட்டைக்குச் சூடு கொடுத்துப் பொரிக்க வைக்கும் பெட்டி).

முதல் தப்பு, முட்டைகளைப் புதன்கிழமை வைத்தேன். கோழிக்கு 21 நாள், ஜப்பானியக் காடைக்கு 17 அல்லது 18 என்பது தெரியும். ஆனால் புதனோடு 17 நாள் கூட்டினால் சனிக்கிழமை வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கணக்கும் நான்தான் எடுக்கிறேன், சிரிக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் திருவிழாதான். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு ஐந்து முறை திருப்ப வேண்டும், திருப்புவது யார் என்பதற்கு அடிதடி. வெப்பம் 37.5 டிகிரி (உள்ளே மின்விசிறி உள்ள பெட்டிக்கு இந்த அளவு), ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி. இதைக் கரும்பலகையின் ஓரத்தில் தினமும் குறித்தோம். தசம எண்ணை நான் நடத்திப் புரியாத ஒரு பையனுக்கு 37.5-க்கும் 38.2-க்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் புரிந்தது. "அம்மா காடை ஏன் உட்காராது மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். வளர்ப்புக் காடைகள் தலைமுறை தலைமுறையாக மனிதர் கையில் இருந்து அடைகாக்கிற பழக்கத்தையே ஏறக்குறைய விட்டுவிட்டன என்றேன். அவளுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. சரி, 1990-இல் மீர் விண்வெளி நிலையத்திலேயே காடைக் குஞ்சு பொரித்திருக்கிறது, விண்வெளியில் முட்டையை உடைத்து வந்த முதல் பறவை அதுதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

ஒன்பதாம் நாள் மதியம் தொட்டுப் பார்த்தால் பெட்டி ஆறிக் கிடக்கிறது. யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு போனை சார்ஜ் போட்டிருக்கிறார்கள். அந்த யாரோ, அறிவியல் எடுப்பவர். "அரை மணி நேரம்தானே" என்றார். இப்போதும் அந்தக் குரல் காதில் கேட்கிறது. ஒரு வகுப்பில் ஏதாவது நடந்தால் படம் எடுக்க எல்லாரும் வருவார்கள், தண்ணீர் மாற்றவோ விடுமுறையில் சாவி வாங்கித் திறக்கவோ ஒருவரும் வர மாட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, தெரியும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பதினைந்தாம் நாளிலிருந்து திருப்பக் கூடாது, ஈரப்பதத்தை 65, 70-க்கு ஏற்றிவிட்டு மூடியைத் திறக்கவே கூடாது. சனிக்கிழமை காலை நான் போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் அண்ணன் வாசலிலேயே, "ரெண்டு வெளிய வந்துடுச்சு டீச்சர்" என்றார். முப்பது பிள்ளைகள் இரண்டரை வாரம் காத்திருந்த காட்சியை முதலில் பார்த்தவர் அவர்தான். கட்டை விரல் அளவு, ஈரமாக, அதற்குள் ஓட்டம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு குஞ்சு ஓட்டில் துளை போட்டுவிட்டு மணிக்கணக்காக அப்படியே கிடந்தது. பொறுக்க முடியாமல் நான் மூடியைத் திறந்து ஓட்டைக் கொஞ்சம் உரித்துவிட்டேன். சவ்வில் ரத்தம் கசிந்தது. மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாகப் போய்ச் சேரவும் இல்லை. அது ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தது, நான்தான் அவசரப்பட்டேன். அன்று சாயங்காலம் இறந்துவிட்டது. பிறகுதான் எங்கும் படித்தேன், உதவி செய்யாதே, செய்யாதே என்று.

பொரித்தவை மொத்தம் ஒன்பது. மீதியில் பத்து கூமுட்டை, ஐந்து உள்ளேயே இறந்தவை. தூரத்திலிருந்து குலுங்கி வந்த முட்டைகளை ஒரு நாள்கூட அசையாமல் ஓய்வாக வைக்காமல் பெட்டியில் அடுக்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று போனது. திங்களன்று பிள்ளைகள் பார்த்தது ஏழு.

செவ்வாய் காலை ஆறுதான் மிச்சம், ஒன்று தண்ணீர்த் தட்டில் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடச் சொல்லியிருந்தார்கள், நான் போட்டதில் இடைவெளி அதிகம். அரை அங்குலத் தண்ணீர் அந்தக் குஞ்சுக்குக் குளம். பிள்ளைகள் வர இருபது நிமிடம் இருந்தது. எடுத்து மறைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் எண்ணி வைத்திருக்கும் பையன்கள் இருக்கிறார்களே. சொல்லிவிட்டேன், என் தப்பு என்பதையும் சேர்த்து. ஒருத்தி அழுதாள். இரண்டு பேர் எதுவும் கேட்காமல் கூழாங்கல் பொறுக்கப் போனார்கள். "குழந்தைகளுக்குச் சாவைக் காட்டுவதா" என்று ஒரு பெற்றோர் புகார் எழுதினார். இங்கேயும் யாராவது அதையே எழுதக்கூடும். நான் காட்டுவதற்காக ஏற்பாடு செய்யவில்லை ஐயா, நடந்தது, மறைக்கவில்லை, அவ்வளவுதான். கிருமி பரவும் என்பவர்கள் சொல்வது நியாயம். சால்மொனெல்லா உண்மையானது. தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். மழலையர் வகுப்பில் இதைச் செய்யவே மாட்டேன்.

அப்புறம் வளர்ப்பு. முதல் வாரம் விளக்குக்குக் கீழே 35 டிகிரிக்குக் குறையாத சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும். வழவழப்பான செய்தித்தாளை விரித்தால் கால் அகன்று முடமாகிவிடும், சொரசொரப்பான துணி போடுங்கள். மூன்று வாரத்தில் ஆணுக்கு நெஞ்சு செம்பழுப்பாகும், பெண்ணுக்குப் புள்ளி விழும். எனக்கு நான்கு ஆண், இரண்டு பெண். ஆறாவது வாரம் ஆண்கள் கத்த ஆரம்பித்தன. சின்னப் பறவைதானே என்று நினைக்காதீர்கள், பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. பயந்தால் செங்குத்தாக எம்பி மண்டையை முட்டிக்கொள்ளும். ஏழாவது வாரம் முதல் முட்டை வந்தது, அன்று யாரும் பாடம் படிக்கவில்லை.

அதற்குள் எங்கே அனுப்புவது என்ற கேள்வி கழுத்தைப் பிடித்தது. காடை வளர்க்கும் ஒருவர் ஆறையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். "கறிக்குப் போகுமா மிஸ்?" என்று அந்த எண்ணிக்கைப் பையன் கேட்டான். பெண் இரண்டும் முட்டைக்கு இருக்கும், ஆண்களைப் பற்றி உறுதி தர முடியாது என்றேன். அவன் தலையாட்டினான், ஆனால் அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

எடுத்துக்கொள்ள ஆள் கிடைத்த பிறகே முட்டை வாங்குங்கள். திங்கட்கிழமை வையுங்கள், வியாழன் வெள்ளியில் பொரிக்கும். பிளக்கின் மேல் கெட்டி டேப் ஒட்டிவிடுங்கள்.